வெள்ளைச் சட்டைப் பையன்களின் இரண்டு வருஷம்

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ கொஞ்ச காலம் இருந்தவர்கள் இவர்களைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். கதவைத் தட்டி, கடவுளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா என்பார்கள். "நேரமில்லை தம்பி" என்று அனுப்பிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

இவர்களை ஊர் அழைப்பது மார்மன்கள் என்று. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-லிருந்து சபை வற்புறுத்திக் கேட்டுவருகிறது. எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்பதால் இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேரை மதம் மாற்றுகிறார்கள்?" என்பது. எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை. பல ஊர்களில் அந்த எண்ணிக்கை மிகச் சொற்பம். ஆனால் கதவைத் தட்டுகிறானே, அந்தப் பையன், அவன் நிச்சயம் மாறுகிறான். அவன் செய்கிற பிரசங்கத்தைவிட, விடிந்ததிலிருந்து படுக்கும் வரை அவன் வாழ வேண்டியிருக்கும் விதம்தான் அவனை மாற்றுகிறது என்று நினைக்கிறேன். அதைத்தான் விளக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஊழியம் என்று அவர்கள் சொல்லும் இந்தப் பணியின் ஏற்பாடு இப்படி. ஆண்களுக்கு 2 வருஷம், பெண்களுக்கு 18 மாதம். 2012 வரை ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் கிளம்ப முடியும். அந்த ஆண்டு வயது வரம்பைக் குறைத்தார்கள். பெண்கள் ஏராளமாக வரத் தொடங்கியது அதன் பிறகுதான். சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள் 2020-லிருந்து மாதாமாதம் 500 டாலர் கட்டுகிறார்கள்; அனுப்பும் ஊர் செலவு பிடிப்பதானாலும் மலிவானதானாலும் தொகை ஒன்றே. சின்ன வயதிலிருந்தே இதற்கென்று காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. எந்த ஊர் வேண்டும் என்று கேட்க முடியாது. தலைமையகம் முடிவு செய்து சொல்லும். பிரேசிலைக் கனவு கண்டவனுக்குப் பக்கத்து மாநிலமும் வரலாம். இன்றைக்கு உலகம் முழுக்க 70,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். பெங்களூருவில்கூட 1993 முதல் ஒரு மிஷன், அதாவது ஊழியர்களுக்கான ஒரு வட்டாரப் பிரிவு, இயங்குகிறது.

முதலில் சில வாரப் பயிற்சி. யூட்டாவின் ப்ரோவோ நகரத்தில் இருக்கும் பயிற்சி மையம் பெரியது, ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் அங்கே கற்றுத் தரப்படுகின்றன. அப்புறம் நேராகக் களம்தான்.

அங்கே வழக்கமான ஒரு நாள், காலை ஆறரைக்கு எழுவதில் ஆரம்பிக்கும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. எட்டு மணி வாக்கில் வேதம் படிக்க உட்காருவார்கள். பத்து மணிக்கு வெளியே கிளம்பினால் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் திரும்புவது. மறுநாள் திட்டத்தை எழுதி வைத்துவிட்டுப் பத்தரைக்குப் படுக்க வேண்டும். ஊர் வழக்கத்துக்கு ஏற்ப இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள 2017-லிருந்து அனுமதி உண்டு. சினிமா இல்லை, காதல் இல்லை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, முடிவெட்டிக்கொள்ள. வீட்டில் அம்மா துவைத்துப் போட்டதையே உடுத்திப் பழகிய பையன், வெள்ளைச் சட்டைக் காலரில் படிந்த அழுக்கு எப்படிப் போகும் என்பதை அந்த நாளில்தான் கற்றுக்கொள்கிறான். அம்மாவோடு ஃபோனில் பேசவும் அந்த நாள்தான். இந்தச் சலுகை 2019-ல் வந்தது. அதுவரை கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டே ஃபோன். மற்றபடி கடிதமும் ஈமெயிலும்தான்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கம்பேனியன், அதாவது கூடவே இருக்கும் அந்த இன்னொருவன். ஹாஸ்டல் அறைத் தோழனைப் போல என்று நினைத்துவிடக் கூடாது. ஹாஸ்டலில் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து அறைக்குப் போய் உட்காரலாம், மொட்டை மாடிக்குப் போகலாம். இங்கே குளியலறை நேரம் தவிர, கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் ஒருவருக்கொருவர் இருந்தாக வேண்டும். அவனை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. மிஷன் தலைவர் ஜோடி சேர்ப்பார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம்.

ஐடஹோவில் பண்ணை வீட்டில் வளர்ந்த ஒருவன், மணிலாவில் நெருக்கடியான தெருவில் வளர்ந்த ஒருவன், இருவரும் ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வேகமாக நடப்பான், மற்றவன் பின்தங்குவான். ஒருவன் சாப்பிட்ட தட்டை அப்படியே தொட்டியில் போட்டு வைப்பான். முதல் வாரம் இதெல்லாம் சிரிப்பு, மூன்றாவது வாரம் எரிச்சல். இதற்காகவே வாரந்தோறும் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். வாராந்திரத் திட்டம் போடும்போது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நமக்குள் எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று பேசித் தீர்க்க வேண்டும். கூட இருப்பவனின் நல்ல குணங்களையும் சொல்ல வேண்டும், தன்னை உறுத்துவதையும் சொல்ல வேண்டும். "நீ தட்டைக் கழுவாதது எனக்குப் பிரச்சினை இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுகிறாயே, அதுதான் வலிக்கிறது." இந்த ஒரு வாக்கியத்தை முகம் பார்த்துச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வரும்? நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பிகள்கூடச் சொல்லாமலேயே பிரிந்துபோகிறார்கள். பத்தொன்பது வயதில் வாராவாரம் இதைச் செய்து பழகுகிறவனுக்குப் பின்னாளில் கல்யாணத்திலும் அலுவலகத்திலும் இது கைகொடுக்காமல் போகாது. இந்த ஊழியத்தில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இதுதான்.

அடுத்தது, மறுப்பைத் தாங்குவது. 2012-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட மிட் ராம்னி, 1966-ல் பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போனவர். அப்பா அப்போது மிச்சிகன் மாநில கவர்னர். வசதிக்குக் குறைவில்லாத பையன். மார்மன்களுக்கு மது, புகையிலை, காபி, டீ எதுவும் கூடாது. ஒயின் விளைகிற பிரான்சில் போய் ஒயினை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாத்திய கதவுகள்தான் ஏராளம். 1968 ஜூனில் அவர் ஓட்டிச் சென்ற காரில், எதிரே வந்த கார் மோதியது. காரில் இருந்த மிஷன் தலைவரின் மனைவி இறந்துபோனார். ராம்னியும் பலத்த காயமடைந்தார். மனைவியை இழந்த தலைவர் அமெரிக்கா திரும்ப, மிஷனைக் கவனிக்கும் பொறுப்பு கொஞ்ச காலம் ராம்னி மீதும் இன்னொரு இளைஞர் மீதும் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 21. அவருடைய அரசியல் நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அந்த வயதில் அந்தப் பாரத்தைச் சுமந்த மனிதர் என்பது மறுக்க முடியாதது.

மொழி இன்னொரு பெரிய வரவு. ஹார்வர்டு பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் எழுபதுகளின் தொடக்கத்தில் தென் கொரியாவில் ஊழியம் செய்து, கொரிய மொழி பேசக் கற்றவர். தைவானில் ஊழியம் செய்த ஜான் ஹன்ட்ஸ்மன் பின்னாளில் சீனாவுக்கே அமெரிக்கத் தூதரானார். வகுப்பில் படிக்கிற மொழிக்கும், ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் மனசு நோகாமல் டீயை மறுக்கத் தேடுகிற மொழிக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

இத்தனை சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வாழ்க்கை எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்க முடியாதது சிலருக்குப் பெரிய வாதை. வீட்டு ஏக்கம், தூக்கமின்மை, பதற்றம், தான் போதாதவன் என்ற எண்ணம் எல்லாம் வரும். சபைக்கும் இது தெரியும். ஊழிய வாழ்க்கைக்குப் பழகுவது பற்றி அவர்கள் ஒரு சிறு கையேடு வைத்திருக்கிறார்கள். அதில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து, இப்போது எந்த நிறத்தில் இருக்கிறாய் என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்ல காரியம்.

ஆனால் ஊரார் கையில் அந்தக் கையேடு இல்லை. தகுதியுள்ள ஒவ்வொரு இளைஞனும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று 1974-ல் சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் அறைகூவல் விடுத்தார். அதிலிருந்து ஆண்களுக்கு இது கிட்டத்தட்டக் கடமை ஆகிவிட்டது. பெண்கள் விரும்பினால் போகலாம். யூட்டாவில் இரண்டு வருஷம் முடித்து வருகிறவனை வரவேற்க, குடும்பமே பதாகையோடு விமான நிலையத்தில் நிற்கும். எட்டு மாதத்தில் உடம்பு முடியாமலோ மனசு முடியாமலோ திரும்புகிறவனுக்குப் பதாகை இருக்காது. அக்கம்பக்கம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். இது அநியாயம் என்றே சொல்வேன். கம்பேனியனோடு மனம்விட்டுப் பேசப் பழகியது, சாத்திய கதவுக்கு முன்னால் நின்றது எல்லாம் எட்டு மாதத்திலும் நடந்திருக்கும். காலண்டரைப் பார்த்து அதையெல்லாம் இல்லை என்று ஆக்க முடியாது.

வெளிநாட்டில் வாழும் நம் ஆட்களில் பலருக்கு மார்மன் குடும்பங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகவும் உடன் வேலை செய்கிறவர்களாகவும் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையனோ பெண்ணோ சொன்ன நாளுக்கு முன்பே திரும்பி வந்திருந்தால், ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். அங்கே என்ன சாப்பிட்டாய், அந்த ஊர் பாஷையில் ரெண்டு வார்த்தை பேசிக் காட்டு என்று கேளுங்கள்.