'வாயு மாறிலி': ஒரு கலைச்சொல்லின் பொருள் எல்லை

புணே நகரின் ஔந்தை அடுத்துள்ள பாஷாணில், ஹோமி பாபா சாலையில், இரண்டு ஆய்வு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம். மற்றொன்று 1962இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம். வேதியியலார்க்கு 'வாயு மாறிலி' என்றதும் நினைவுக்கு வரும் மதிப்பு 8.314. வானிலையியலார்க்கோ அது பெரும்பாலும் 287. இரு துறையிலும் வழங்கும் பெயர் ஒன்றே. 'ஆர்' என்னும் குறியீடும் ஒன்றே. பொருள் மட்டும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கலைச்சொல் எங்கே காட்டுகிறது, எங்கே மறைக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பொருள்

ஒரு வாயுவின் அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு, அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும். நல்லியல்பு வாயுவுக்கு உரிய இவ்விதியை 1834இல் கிளாப்பேரான் ஒரே சமன்பாடாக்கி, அவ்விகிதத்தை 'ஆர்' எனக் குறித்தார். வாயுவை எடையால் அளக்கும்போது இம்மதிப்பு வாயுதோறும் வேறுபடும். மோல் கணக்கில் அளந்தால் எல்லா வாயுக்களுக்கும் ஒரே மதிப்பு கிடைக்கும். 1874இல் மெண்டலீவ் இவ்வடிவத்தை வலியுறுத்தினார். இவ்வாறு ஒரு பெயரின்கீழ் இரண்டு கருத்துகள் அமைந்தன.

முதலாவது, ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு 8.314 ஜூல், இஃது எல்லா வாயுக்கும் பொது. இரண்டாவது, ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு உரியது. உலர்காற்றுக்கு 287 ஜூல், நீராவிக்கு ஏறத்தாழ 461 ஜூல். பொது மதிப்பை அந்தந்த வாயுவின் மோலார் நிறையால் வகுத்தால் இது கிடைக்கும்.

இவற்றை மாற்றி ஆள்வதால் நேரும் பிழை சிறிதன்று. 300 கெல்வினில், கடல்மட்ட அழுத்தத்தில், உலர்காற்றின் அடர்த்தியைக் கணக்கிடுவோம். 287ஐப் பயன்படுத்தினால் கனமீட்டருக்கு 1.18 கிலோகிராம் என்னும் சரியான விடை வரும். 8.314ஐப் பயன்படுத்தினால் 40.6 வரும். அது கனமீட்டரில் உள்ள மோல்களின் எண்ணிக்கை, கிலோகிராம் அன்று.

2. தொகையின் இயல்பு

'வாயு மாறிலி' என்பது ஆறாம் வேற்றுமைத் தொகை. 'வாயு' என்பதோ பால் பகா அஃறிணைப் பெயர். ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே வடிவம். எனவே இத்தொகையை 'வாயுவினது மாறிலி' என்றும் விரிக்கலாம். 'வாயுக்களது மாறிலி' என்றும் விரிக்கலாம். முதல் விரிவு வானிலையியலாரின் பொருளைத் தரும். இரண்டாவது வேதியியலாரின் பொருளைத் தரும். ஆங்கிலத் தொடரிலும் இம்மயக்கம் உண்டு. ஆதலால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் மூலத்தின் மயக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறார்.

மயக்கத்தை நீக்குவது அடைமொழியே. தமிழ்நாட்டில் 'பொது வாயு மாறிலி' என்றும் இலங்கையில் 'அகில வாயு மாறிலி' என்றும் வழங்குவது இவ்வகையில் பொருத்தமே. மற்றதற்கு, 'தன்வெப்பம்' என்னும் சொல்லாக்கத்தை ஒட்டித் 'தன் வாயு மாறிலி' எனலாம்.

3. 'மாறிலி'யும் 'ஸ்திராங்க'மும்

மராத்தியில் மாறிலியை 'ஸ்திராங்க்' என்பர். நிலையான எண் என்பது அதன் சொற்பொருள். தமிழ்ச்சொல் 'எண்' என்று கூறவில்லை; மாற்றம் இல்லாதது என்று மட்டுமே கூறுகிறது. இவ்விடத்தில் தமிழ்ச்சொல்லே நுட்பமானது எனலாம். ஏனெனில் வாயு மாறிலி வெறும் எண்ணன்று. அலகோடு கூடிய அளவு. ஜூலில் 8.314 ஆகும் அதே அளவு, கலோரியில் 1.987 ஆகும், லிட்டர்–வளிமண்டல அழுத்தம் என்னும் அலகில் 0.0821 ஆகும். எண் மாறுகிறது, அளவு மாறுவதில்லை. ஆகவே அலகை விட்டு எண்ணை மட்டும் பெயர்த்தெழுதுவது பொருளையே விட்டுவிடுவதாகும்.

நெடுங்காலம் சோதனையால் அளந்தறியப்பட்ட இம்மதிப்பு, 2019 மே 20 முதல் வரையறையால் உறுதிப்பட்டுள்ளது. போல்ட்ஸ்மன் மாறிலிக்கும் அவகாட்ரோ மாறிலிக்கும் அன்று முதல் துல்லியமான மதிப்புகள் விதிக்கப்பட்டன. அவ்விரண்டின் பெருக்கமே பொது வாயு மாறிலி. பழைய நூல்களில் காணும் பிழைவரம்புக் குறிப்புகளை இன்றைய பதிப்புகளில் திருத்த வேண்டும்.

4. பெயரும் ஆட்சியும்

வேதிவினையின் வேகத்தைக் கூறும் அர்ரீனியஸ் சமன்பாட்டிலும், மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கூறும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலும் இம்மாறிலி வருகிறது. அங்கு வாயு இருக்க வேண்டும் என்பதில்லை. வெப்பநிலையை ஒரு மோலுக்குரிய ஆற்றலோடு இணைப்பதே அதன் பணி. காரணம் பற்றிப் பிறந்த பெயர், காரணம் இல்லாத இடத்தும் வழங்குகிறது. கரைசலைப் பற்றிய பத்தியில் இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் பிழை என்று ஐயுற்றுத் திருத்திவிடலாகாது.

எனவே மூன்று நெறிகளைப் பரிந்துரைக்கலாம். மூலத்தில் அடைமொழி இல்லையெனினும், அலகை நோக்கிப் 'பொது' அல்லது 'தன்' என்னும் அடையைச் சேர்த்தல் வேண்டும். மதிப்பை ஒருபோதும் அலகின்றி எழுதலாகாது. துறை வேறுபடும் நூல்களுக்குப் பொதுவான சொற்பட்டியல் தொகுப்போர் இவ்விரு பொருள்களையும் தனித்தனிப் பதிவுகளாகத் தருதல் வேண்டும். 'மோலுக்கு' என்றிருக்கிறதா, 'கிலோகிராமுக்கு' என்றிருக்கிறதா என்று நோக்கும் ஒரு கணமே இங்குப் பிழையைத் தவிர்க்கப் போதுமானது.