தொலைவிலுள்ள சர்வருடன் இணைப்புக் கிட்டாதபோது

திருவனந்தபுரத்தில் அமைந்துள்ள கேரள மாநிலத் தரவு மையம் போன்ற நிலையங்களில், அரசு அலுவலகங்கள் பலவற்றின் பதிவுகளும் சேவைகளும் சர்வர்களில் இயங்கி வருகின்றன. வயநாட்டிலோ இடுக்கியிலோ பணிபுரியும் ஊழியர் அவற்றைத் தம் மேசையிலிருந்தே அணுகுகின்றார்.

ஒரே சர்வரைப் பல கணினிகளைப் போலப் பகுத்து இயக்க இயலும். இம்முறையை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே கையாண்டனர். பகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் மெய்நிகர் கணினி எனப்படும். அவற்றைத் தாங்கும் சர்வர் ஹோஸ்ட் எனப்படும். பல குடித்தனங்கள் வாழும் ஒரு மாளிகையை இதற்கு உவமையாகக் கூறலாம்.

ஹோஸ்டுடன் இணைப்பு அற்றுப்போனால், அதை நிறுத்தி மீண்டும் இயக்கலாமே என்ற எண்ணமே பலருக்கும் முதலில் எழுகின்றது. இது பெருந்தவறாக முடியக்கூடும். மாளிகையின் தலைவாசல் அடைபட்டிருப்பினும் உள்ளே குடிகள் நலமாக இருத்தல் கூடும். ஹோஸ்டின் மின்சாரத்தைத் துண்டித்தாலோ மெய்நிகர் கணினிகள் யாவும் ஒருங்கே நின்று, சேமிக்கப்படாத பதிவுகள் பாழாகும். ஆகவே, அருகிலிருந்து தொலைவு நோக்கிப் படிப்படியாகச் சோதித்தல் வேண்டும்.

முதலாவதாக, பக்கத்து மேசையிலிருந்து முயன்று பார்க்க வேண்டும். அங்கு இணைப்புக் கிட்டுமாயின், குறை நம் கணினியிலோ அதன் இணைப்பிலோ உள்ளது.

இரண்டாவதாக, ஹோஸ்டின் பெயருக்குப் பதிலாக அதன் ஐ.பி. எண்ணைக் கொண்டு முயலலாம். எண்ணால் இணைப்புக் கிட்டினால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டில் பிழை உளது என அறியலாம்.

மூன்றாவதாக, பிழைச் செய்தியை ஊன்றிப் படித்தல் வேண்டும். நெடுநேரம் காத்தும் மறுமொழி வாராதிருப்பின், வழி தடைபட்டுள்ளது, அல்லது ஃபயர்வால் தடுக்கின்றது, அல்லது சர்வரே நின்றுள்ளது என்று கருதலாம். உடனே மறுப்பு வருமாயின், பெரும்பாலும் சர்வர் விழித்துள்ளது. அதன் குறிப்பிட்ட சேவை மட்டும் இயங்கவில்லை. வழக்கமாக லினக்ஸ் ஹோஸ்டுக்கு எஸ்.எஸ்.எச். முறையில் 22-ஆம் போர்ட்டும், விண்டோஸ் ஹோஸ்டுக்குத் தொலைமேசை முறையில் 3389-ஆம் போர்ட்டும் திறந்திருத்தல் அவசியம்.

நான்காவதாக, சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாவிடில் கடிகாரத்தை நோக்குக. விண்டோஸ் டொமைன் அமைப்பில், இரு கணினிகளின் நேரமும் 5 நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டால் அனுமதி மறுக்கப்படலாம்.

இறுதியாக, அந்த ஹோஸ்டிலுள்ள மெய்நிகர் கணினிகள் மறுமொழி தருகின்றனவா எனக் காண்க. தருமாயின் ஹோஸ்ட் இயங்கிக்கொண்டுதான் உள்ளது. அதன் மீது கை வைத்தல் ஆகாது. பிழைச் செய்தி, நேரம், முயன்ற இடம் ஆகிய மூன்றையும் குறித்து மையத்தாருக்கு அனுப்புவதே முறையாகும்.