சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு: ஐக்கிய அமெரிக்காவின் இடமாற்ற அனுமதி

நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதி என்றதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் இசட் புள்ளியுமே நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவில் அவ்வாறான ஒரே தேசியப் பரீட்சை கிடையாது. அங்கு பாடசாலைக் கல்வியை முடித்த ஒருவர் நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். அல்லது முதலிரு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் பயின்று, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இவ்விரண்டாம் வழியே இடமாற்ற அனுமதி எனப்படும்.

‘கல்லூரி’ என்ற சொல் இங்கு மயக்கம் தரலாம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பாடசாலைகளே கல்லூரி என்ற பெயருடன் உள்ளன. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியோ பாடசாலைக்குப் பின்னர் செல்லும் ஈராண்டு நிறுவனம். இவ்வகை அரச கல்லூரிகளுள் மிகப் பழையது இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் 1901இல் தொடங்கப்பட்டது. தாதியர் பயிற்சி, வாகனத் திருத்தம் போன்ற தொழிற்பாடங்களுடன், பல்கலைக்கழகத்தின் முதலிரு ஆண்டுப் பாடங்களும் இங்கு கற்பிக்கப்படுகின்றன.

கலிபோர்னியாவின் ஒழுங்கு

இம்முறையை விளங்கிக்கொள்ளக் கலிபோர்னியா மாநிலம் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு 1960இல் உயர்கல்விக்கான பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி, பாடசாலையை முடிப்போரில் முதல் 12.5 சதவீதத்தினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றிலொரு பங்கினர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தகுதி பெற்றனர். ஏனையோர் கைவிடப்படவில்லை. சமுதாயக் கல்லூரியில் எவரும் சேரலாம் என்றும், அங்கு நன்கு கற்றோர் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்றும் திட்டம் கூறியது. பதினெட்டு வயதில் பின்தங்கிய மாணவருக்கு இருபது வயதில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்பதே இதன் பொருள். மனித மரபணுத் தொகுதி ஆய்வில் புகழ்பெற்ற கிரேக் வென்ரர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியபின் சான் மற்றேயோ கல்லூரியில் கற்று, பின்னர் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர்.

இன்று கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. மாநிலவாசிகளுக்கு ஓர் அலகுக்கான கட்டணம் 2012 முதல் 46 டொலர். 60 அலகுகளுக்கு 2760 டொலர் மட்டுமே. அதே பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் கற்பதாயின் இதைப்போலப் பல மடங்கு செலவாகும்.

அலகும் தரப்புள்ளியும்

ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் வகுப்பு நேரத்தைப் பொறுத்து அலகுகள் உண்டு. பெரும்பாலும் 3 அல்லது 4. பெறுபேறு ‘ஏ’ ஆயின் 4 புள்ளி, ‘பி’ 3, ‘சி’ 2, ‘டி’ 1. புள்ளியை அலகால் பெருக்கிக் கூட்டி, மொத்த அலகுகளால் வகுத்தால் தரப்புள்ளிச் சராசரி கிடைக்கும்.

உதாரணம்: 3 அலகுப் பாடத்தில் ‘ஏ’, 4 அலகுப் பாடத்தில் ‘பி’, 3 அலகுப் பாடத்தில் ‘சி’. மொத்தப் புள்ளி 12 + 12 + 6 = 30. மொத்த அலகு 10. எனவே சராசரி 3.0.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் மாற, 60 அரையாண்டு அலகுகளும், மாநிலவாசிகளுக்கு 2.4, ஏனையோருக்கு 2.8 என்ற சராசரியும் குறைந்தபட்சத் தேவை. ஆனால் பேர்க்லி, லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற வளாகங்களில் போட்டி கடுமை. குறைந்தபட்சத்தை மட்டும் நம்பி அங்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை.

எந்தப் பாடம் ஏற்கப்படும்?

விண்ணப்பத்தின் வெற்றி பெரும்பாலும் தங்கியிருப்பது இவ்வினாவிலேயே. ஒரு மாணவி பொறியியல் கற்க விரும்புகிறாள் எனக் கொள்வோம். கல்லூரியில் வணிக மாணவருக்கான நுண்கணிதத்தைக் கற்று ‘ஏ’ பெறுகிறாள். பல்கலைக்கழகம் அவ்வலகுகளை மறுப்பதில்லை. ஆனால் விருப்பப் பாடக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. பொறியியலுக்குத் தேவையான நுண்கணிதம் அவளிடம் இல்லை. 60 அலகுகள் கையிலிருந்தும் அவள் இன்னோர் ஆண்டை இழக்க நேரலாம். 2004 – 2009 காலத்தில் நிறுவனம் மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத அலகுகளை இழந்தனர் என அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது.

இதைத் தவிர்க்கக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பாட இணக்க ஒப்பந்தங்களைச் செய்துள்ளன. இக்கல்லூரியின் இப்பாடம் அப்பல்கலைக்கழகத்தின் எப்பாடத்துக்குச் சமம் என்பதை அவை காட்டும். கலிபோர்னியாவில் ‘அசிஸ்ட்’ என்ற இணையத்தளத்தில் எவரும் இதனைப் பார்க்கலாம். முதற்பாடத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்னரே பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் விண்ணப்பக் காலமே.

விண்ணப்பக் காலம்

கல்லூரியில் ஈராண்டு என்றாலும், விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அனுப்பப்படுகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களே முக்கியமானவை. அப்போது மாணவரின் கையில் இருப்பது முதலாம் ஆண்டின் பெறுபேறுகள் மட்டுமே. கற்றுக்கொண்டிருக்கும் பாடங்களையும் இனிக் கற்கவுள்ளவற்றையும் பட்டியலாகக் கொடுத்து, ஜனவரியில் புதிய பெறுபேறுகளைச் சேர்க்க வேண்டும். “முதலாண்டைப் பழகுவதற்கு விட்டு, இரண்டாமாண்டில் கவனமாகப் படிக்கலாம்” என்ற எண்ணம் இங்கு பொருந்தாது.

விண்ணப்பத்துடன் நான்கு சிறு விடைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மேற்படலாகாது. அவற்றுள் ஒரு வினா கட்டாயமானது: தெரிவுசெய்த துறைக்கு எவ்வாறு ஆயத்தமானீர்கள் என்பது. அலங்கார நடையில் எழுதுவதை விட, கற்ற பாடம், செய்த வேலை, எதிர்கொண்ட தடை ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுவதே நன்று. தனியார் பல்கலைக்கழகங்கள் பல ஆசிரியரின் சிபாரிசுக் கடிதத்தையும் கோரும்.

டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்கள் உறுதிப்படுத்திய அனுமதித் திட்டம் ஒன்றையும் நடத்துகின்றன. இதற்குச் செப்டெம்பரில் தனியாக விண்ணப்பித்து, அவ்வளாகம் கேட்கும் பாடங்களையும் சராசரியையும் நிறைவுசெய்தால் இடம் உறுதி. பேர்க்லி, லொஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ ஆகியவை இதில் சேரவில்லை. அனுமதி கிடைத்த பின்னரும் இறுதித் தவணையில் பெறுபேறு சரிந்தால் அது மீளப்பெறப்படலாம்.

வெளிநாட்டு மாணவர்களும் இவ்வழியில் செல்லலாம். எனினும் 46 டொலர்க் கட்டணம் அவர்களுக்கு இல்லை. பல மடங்கு கூடுதலாகச் செலுத்த வேண்டும். மாணவர் விசாவைக் காக்க ஒவ்வொரு தவணையிலும் பொதுவாக 12 அலகுகளேனும் கற்க வேண்டும். பல்கலைக்கழகம் மாறும்போது ‘ஐ-20’ என்ற ஆவணத்தைப் புதிதாகப் பெற வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. 1960ஆம் ஆண்டுத் திட்டத்தில் சமுதாயக் கல்லூரிக்கு வழங்கப்பட்ட இடம் யாது?
2. 4 அலகுப் பாடத்தில் ‘ஏ’, 3 அலகுப் பாடங்கள் இரண்டில் ‘பி’ பெற்ற மாணவரின் தரப்புள்ளிச் சராசரியைக் காண்க.
3. அலகுகள் ஏற்கப்பட்டும் ஒரு மாணவர் ஓர் ஆண்டை இழப்பது எவ்வாறு? உதாரணத்துடன் விளக்குக.