கூபே: கூரை சிறுத்த காரின் செல்வாக்கு

போர்த்தளவாட உற்பத்திக்காக 1942 பிப்ரவரியில் அமெரிக்க மோட்டார் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கான கார்த் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. அதற்கு முன் வெளிவந்த கார்களில் கூபே எனப்படும் இரு கதவு வண்டிகள் பழங்கார் சந்தையில் இன்று பெற்றிருக்கும் மதிப்பு, அவை புதிதாக விற்பனைக்கு வந்தபோது பெற்றிருந்த இடத்தோடு சிறிதும் பொருந்தாதது. குடும்பத்தார் நாடிய நான்கு கதவு செடான் அன்று விலை கூடியது. கூபேயோ பல நிறுவனங்களின் விலைப்பட்டியலில் மலிவான மூடிய வண்டிகளுள் ஒன்றாக இருந்தது. இன்று அதே நிறுவனத்தின், அதே ஆண்டின், அதே எஞ்சின் பொருத்தப்பட்ட இரண்டையும் அருகருகே நிறுத்தினால் பெரும்பாலும் கூபேக்கே கூடுதல் விலை கிடைக்கிறது. எண்ணிக்கையில் அது குறைவு என்பது இதற்கு ஒரு காரணமே. முதற்காரணம் அதன் வடிவம்.

நிலையான கூரை, இரண்டு கதவுகள், இருவரோ நெருக்கி அமர்ந்தால் மூவரோ உட்காரத்தக்க ஓர் இருக்கை ஆகியவையே கூபேயின் அடிப்படை அமைப்பு. மாதிரிப் பொருள்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்ற விற்பனை முகவர்களுக்காகப் பின்னிருக்கையை நீக்கி டிக்கியைப் பெரிதாக்கிய வகை பிசினஸ் கூபே என்றும், பின்னால் சிறிய இருக்கை அமைத்த வகை கிளப் கூபே என்றும் அழைக்கப்பட்டன. சில வண்டிகளில் பின்புற மூடியைத் திறந்தால் வெயிலிலும் மழையிலும் வெளியே அமரும் ரம்பிள் இருக்கை கிடைத்தது. 1930களின் முடிவோடு அது மறைந்தது. சன்னல்களை எண்ணிப் பெயரிடும் வழக்கமும் உண்டு. முன்கண்ணாடியை விட்டுவிட்டு, கதவுக்கு ஒன்றும் முதுகுப்புறம் ஒன்றுமாக எண்ணினால் மூன்று சன்னல் கூபே. கதவுகளுக்குப் பின்னே பக்கத்துக்கு ஒரு சிறு சன்னல் சேர்ந்தால் ஐந்து சன்னல் கூபே.

மூடிய கார் என்பதே 1920களின் தொடக்கம்வரை வசதி படைத்தோருக்கு உரியதாக இருந்தது. ஹட்சன் நிறுவனம் தன் எசெக்ஸ் பிரிவில் எளிய மூடிய வண்டியொன்றை 1921இல் 1,495 டாலருக்கு வெளியிட்டு, 1925க்குள் அதன் விலையைத் திறந்த வண்டியின் விலைக்கும் கீழே கொண்டுவந்தபோது நிலைமை தலைகீழானது. 1924இல் 43 விழுக்காடாக இருந்த மூடிய கார்களின் பங்கு 1927இல் 85 விழுக்காட்டை எட்டியது. கூரை எல்லோருக்கும் கிடைத்துவிட்ட பிறகு, அந்தக் கூரை எப்படித் தோன்ற வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. விரைவில் உலரும் டியூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் வண்ணப்பூச்சும் அப்போது பரவியிருந்ததால், வாரக்கணக்கில் உலர வைக்க வேண்டியிருந்த வண்டிகளுக்கு மணிக்கணக்கில் பல நிறங்களைப் பூச முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் திரைப்பட நட்சத்திரங்களுக்குக் கார் உடல்களை வடிவமைத்துவந்த ஹார்லி ஏர்ல், 1927ஆம் ஆண்டின் லாசால் காரை வரைந்து வெற்றி பெற்றதும், ஜெனரல் மோட்டார்ஸ் அதே ஆண்டில் கலை மற்றும் வண்ணப் பிரிவைத் தொடங்கி அவர் பொறுப்பில் விட்டது. முழு அளவில் களிமண்ணால் மாதிரி செய்து பார்க்கும் முறையை அவர் நிலைபெறச் செய்தார். களிமண்ணைச் சுரண்டியும் அப்பியும் வளைவுகளைத் தேடிய அந்தப் பணிமுறையின்றி, அடுத்த பத்தாண்டுகளின் உருண்ட மட்கார்டுகளும் வழியும் கூரைகளும் தோன்றியிருப்பது அரிது.

இவ்வகைக் கார்களில் எல்லோரும் முதலில் நினைவுகூர்வது 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு. ஆங்கில எழுத்து வி வடிவில் இரு வரிசையாக எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் அதுவரை விலையுயர்ந்த வண்டிகளில் மட்டுமே இருந்தது. அதை ஒரே வார்ப்பாக வார்த்து, 65 குதிரைத்திறனுடன், 500 டாலருக்கும் குறைந்த விலையுள்ள வண்டியில் ஹென்றி ஃபோர்டு பொருத்தினார். வடிவத்தைக் கவனித்தவர் அவருடைய மகன் எட்செல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலமே இருந்த அந்தச் சிறிய வண்டியில் மிகையான அலங்காரம் எதுவும் இல்லை. உடலின் நிறத்திலேயே பூசப்பட்ட கிரில் சட்டம், முன்கண்ணாடியை நோக்கி நேராக ஓடும் பானட், பக்கவாட்டில் வெளிப்படையாகத் தெரியும் சேசிஸ் சட்டத்தில் மட்கார்டின் வளைவைத் தொடர்ந்து செல்லும் ஒரு மெல்லிய மடிப்பு, பின்புறம் மறைக்காமல் விடப்பட்ட பெட்ரோல் தொட்டி ஆகியவையே அதன் தோற்றம். ஒவ்வொரு பகுதியும் தன் வேலையை மறைக்காமல் காட்டியும் மொத்தத்தில் ஒரே கோடாக அமைந்த இந்த ஒழுங்கை, அதே விலையில் வந்த பிற வண்டிகளில் காண்பது கடினம்.

அதற்குப் பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. கிரகாம் நிறுவனம் 1932இல் மட்கார்டின் பக்கங்களைக் கீழே இழுத்து அடிப்பாகத்தின் சேற்றை மறைத்தது. மறு ஆண்டே மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். அகலமான எஃகுத் தகடுகளை உருட்டும் ஆலைகள் வந்ததால், நடுவே துணி பொதிந்த கூரைக்கு மாற்றாக முழு எஃகுக் கூரையை ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாதிரிகளில் கொண்டுவந்தது. காற்றுச் சுரங்கச் சோதனைகளின் பயனாக உருவான கிறைஸ்லர் ஏர்ஃபுளோ 1934இல் விற்பனையில் தோற்றது. மழுங்கிய அதன் முகத்தை மக்கள் ஏற்கவில்லை. காற்றோட்டக் கருத்தை அழகோடு இணைத்துக் காட்டியது ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் செஃபிர். படகு வடிவமைப்பில் பயிற்சி பெற்ற யூஜின் கிரிகோரி அதன் முகத்தைக் கப்பல் முனைபோல் கூர்மையாக்கினார். 1938இல் கிரில்லைத் தாழ இறக்கியபோது, குளிரூட்டும் காற்று கீழிருந்து நுழைய வழி கிடைத்ததோடு, கிரில்லை உயரமாக நிறுத்தும் பழைய வழக்கமும் முடிவுக்கு வந்தது. கூரை பின்புறம் நோக்கி நெடுந்தூரம் வழிந்திறங்கும் செஃபிரின் மூன்று சன்னல் கூபே, அக்காலத்தின் மிகச் சிறந்த பக்கத்தோற்றம் எனக் கருதத்தக்கது. அதன் அடிப்படையில் எட்செலுக்காகக் கிரிகோரி வரைந்த லிங்கன் கான்டினென்டலை, நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் 1951இல் கலைப்பொருளாகத் தேர்ந்து காட்சிக்கு வைத்த எட்டு வண்டிகளுள் ஒன்றாக்கியது.

இந்த வண்டிகளுக்கு இரண்டாம் வாழ்வு அளித்தவர்கள் இளைஞர்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் 1930களிலேயே வேகப் பந்தயங்கள் நடந்தன. பழைய ஃபோர்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி, எஞ்சினைத் திருத்தி அவர்கள் ஓட்டினர். அவ்வண்டிகளுக்கு ஹாட் ராட் என்று பெயர் வந்தது. கூரைத் தூண்களைச் சில அங்குலம் அறுத்துக் கூரையைத் தாழ்த்தும் சாப் என்ற வேலை, கூபேயின் சிறிய கூரைக்கு இயல்பாகப் பொருந்தியது. நான்கு கதவு செடானில் அதே வேலை நீண்டதும் செலவு மிக்கதும் ஆகும். தென் மாநிலங்களிலோ கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் 1939, 1940ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு கூபேக்களை விரும்பினர். முகவரின் மாதிரிப் பெட்டிகளுக்காக அமைத்த டிக்கி சாராயக் கலங்களுக்கும் இடம் கொடுத்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின் காவலரிடமிருந்து தப்ப உதவியது. அந்த ஓட்டுநர்களுள் சிலர் பங்கேற்ற பந்தயங்களே 1948இல் நாஸ்கார் என்ற கார்ப் பந்தய அமைப்பு உருவாவதற்கான சூழலை வளர்த்தன. பீச் பாய்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டுப் பாடலும், 1973இல் வந்த அமெரிக்கன் கிராஃபிட்டி திரைப்படத்தின் மஞ்சள் நிற ஐந்து சன்னல் கூபேயும் 1932ஆம் ஆண்டு ஃபோர்டைக் காரோட்டாதவர்களுக்கும் அறிமுகமாக்கின.

சந்தையின் கணக்கு இந்த வரலாற்றிலிருந்தே பிறக்கிறது. மிகவுயர்ந்த தளத்தில் திறந்த வண்டிகளே ஆட்சி செய்கின்றன. 1935ஆம் ஆண்டின் டூசன்பர்க் எஸ்.எஸ்.ஜே. ரோட்ஸ்டர் என்ற திறந்த வண்டி ஒன்று 2018இல் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சாதாரண வண்டிகளின் தளத்தில் கூபே, ரோட்ஸ்டரோடு போட்டியிடுகிறது. கூரை உண்டு என்பதால் மழையிலும் ஓட்டலாம். அங்கும் ஃபோர்டுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டதற்குப் பொருளியல் காரணம் ஒன்று உண்டு: ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் உடல் 1930களின் நடுப்பகுதிவரை மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்து செய்யப்பட்டதால், மரம் உளுத்தால் தச்சரிடமிருந்தே வேலை தொடங்க வேண்டியிருக்கிறது; ஃபோர்டின் உடலோ பெரும்பாலும் எஃகு. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சின் அமெரிக்காவில் 1953வரை தயாரானதால் உதிரிபாகங்களுக்கும் தட்டுப்பாடில்லை. எனினும் இந்த வண்டிகளை இளமையில் கண்டு விரும்பியவர்கள் முதுமை எய்திவருவதால் வாங்குவோர் வட்டம் குறுகுகிறது. முழுமையாகப் புதுப்பிக்க ஆகும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடுவதும் வழக்கமே. 1932ஆம் ஆண்டின் வடிவிலேயே புதிய எஃகு உடல்கள் இப்போது தயாரிக்கப்படுகின்றன. ஃபோர்டு தன் வரிசை எண்ணை உடலில் அன்றிச் சேசிஸ் சட்டத்தில்தான் பொறித்தது என்பதால், அந்தச் சட்டத்தையும் உடலின் எஃகையும் தனித்தனியே ஆராய்ந்த பிறகே அறிந்தவர்கள் விலை பேசுகிறார்கள். அறுபடாத கூரையோடும் முதல் உடலோடும் எஞ்சிய கூபேக்கள் குறைந்துவருவதால், அவற்றைத் திருத்தாமல் அப்படியே காக்க வேண்டும் என்ற கருத்தும் ஹாட் ராட் விரும்பிகளிடையே வலுத்துவருகிறது.