'பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது!' - இரக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் ஏளனத்தைப் பேசும் ஆப்பிரிக்கப் படம்

'பாவம்ங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது!' காட்டில் வாழும் மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், நீங்களும் இப்படிச் சொல்லியிருப்பீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால், அந்த நல்ல மனசுக்குள்ளும் கொஞ்சம் ஏளனம் ஒளிந்திருக்கிறதோ?

2003-ல் வெளியான 'தி சைலன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' படத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி உங்களை விடாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் எழுத்தாளர் எத்தியென் கொயெமிதேயின் நாவலை பாஸெக் பா கோபியோ, திதியே உவெனாங்காரே இருவரும் சேர்ந்து படமாக்கினார்கள்.

ஹீரோ கொனாபா, பிரான்ஸில் படித்துவிட்டு நாடு திரும்பி, பள்ளி ஆய்வாளராக இருப்பவர். 'பிக்மி' என்று அழைக்கப்படும் காட்டு மக்களைத் தன் சொந்த நாட்டுக்காரர்களே மனுஷங்களாக மதிக்காததைப் பார்த்துக் கொதிக்கிறார். அவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்து 'முன்னேற்ற', காட்டுக்குள் போகிறார்.

இங்கேதான் விஷயமே இருக்கு. இளக்காரமாகப் பார்க்கிறவர்களும் சரி, இரக்கப்படுகிற கொனாபாவும் சரி, 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று அந்த மக்களிடம் முதலில் கேட்கவே இல்லை.

இந்த ஏளனம் எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? காங்கோ காட்டைச் சேர்ந்த ஓட்டா பெங்காவை, 1906-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் குரங்குகளோடு காட்சிக்கு வைத்தார்கள். ஆப்பிரிக்காவிலேயே, பக்கத்து கிராமத்துக்காரர்கள் 'என்னோட பிக்மிகள்' என்று உரிமை கொண்டாடி, குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் வழக்கமும் இருக்கிறது.

சரி, இவர்களுக்கு நிஜமாகவே ஒண்ணும் தெரியாதா? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் காடுகளில் வாழும் அகா மக்கள், பல குரல்களைப் பின்னிப் பாடுவதில் கில்லாடிகள். அந்தப் பாட்டை மனிதகுலத்தின் பாரம்பரியமாக யுனெஸ்கோ 2003-ல் அறிவித்தது. அகா அப்பாக்கள் தினமும் கிட்டத்தட்ட பாதி நேரம் கைக்குழந்தையின் அருகிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்கிறது மானுடவியலாளர் பாரி ஹ்யூலெட்டின் ஆய்வு. நம்ம வீட்டு அப்பாக்களால முடியுமா?

பழங்குடி உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-வது உடன்படிக்கையை ஆப்பிரிக்காவில் முதலில் ஏற்றதும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுதான், 2010-ல். அந்த உடன்படிக்கை வலியுறுத்தும் முக்கியமான விஷயம், அவர்களைப் பாதிக்கும் எந்த முடிவானாலும் அவர்களிடம் கலந்து பேச வேண்டும் என்பது.

கொனாபா செய்யத் தவறியதும் அதைத்தான். அடுத்த முறை 'பாவம்' என்று வாயெடுக்கும் முன்பு, ஒரு நிமிஷம் யோசிங்க. அவங்ககிட்ட கேட்டோமா?