பறக்கும்போது காது சொல்லும் பொய்

மும்பை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானம் சிறிது நேரத்தில் ஜுஹூ கடற்கரையைத் தாண்டி அரபிக்கடலுக்கு மேல் வந்துவிடும். ஏறக்குறைய அப்போதுதான் அது நடக்கும். அதுவரை காதை அடைத்த இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும். அடிவயிறு தொய்யும். மகளின் பிரசவத்துக்குத் துணையாக மாட்டுங்காவிலிருந்து நியூயார்க் கிளம்பிய பாட்டியும், தாராவியிலிருந்து முதன்முறையாக வளைகுடா வேலைக்குப் போகும் இளைஞரும் அவரவர் விமானத்தில் அந்த நொடியில் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இன்ஜின் நின்றுவிட்டது, கீழே விழப்போகிறோம்.

உண்மையில் விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. தரையை விட்டு எழும்பத்தான் மிகுந்த விசை தேவை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம் வந்ததும் அவ்வளவு தேவையில்லை. எனவே இன்ஜின் தேயாமலிருக்கவும் கீழே குடியிருப்பவர்களுக்கு இரைச்சல் குறையவும் விசையைத் தணிக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் நடக்கிற, கிளம்பும் முன்பே தீர்மானிக்கப்பட்ட காரியம் இது. அப்படியானால் விழுகிறோம் என்று நம்மிடம் சொன்னது யார்?

காது. கேட்கும் காது அல்ல. அதற்குப் பக்கத்திலேயே, உட்செவியில் ஒளிந்திருக்கும் சமநிலை உறுப்பு. அங்கே கூழ் போன்ற மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்படிகங்கள் ஒட்டியிருக்கின்றன. முட்டை ஓடு எதனால் ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட்தான். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். இவற்றுக்குச் செவிக்கற்கள் என்று பெயர். தலையைப் பின்னால் சாய்த்தால் கற்களின் எடை படலத்தைப் பின்னுக்கு இழுக்கும். அடியிலுள்ள உணர்செல்களின் மயிரிழை நுனிகள் வளையும். மூளைக்குச் செய்தி போய்விடும். நாம் உட்கார்ந்திருக்கும் வண்டி முன்னால் பாய்ந்தாலும் கற்கள் பின்தங்கி அதே பக்கம்தான் இழுக்கும். சாய்வதும் பாய்வதும் கற்களுக்கு ஒன்றே. எது நடக்கிறது என்பதைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விமானத்தில் கண்ணுக்குத் தெரிவது முன் இருக்கையின் முதுகு மட்டும். அது அசையவே இல்லை. ஆகவே மூளை, காது சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மூக்கு 15 பாகை அளவில்தான் உயர்ந்திருக்கும். செங்குத்தாக ஏறுவதுபோல் தோன்றும். விசை குறைந்து படலம் பழைய இடத்துக்குத் திரும்பும்போது, ஏறுவது சற்றுத் தணிந்தது என்பதற்குப் பதில், தலைகுப்புறக் கவிழ்கிறோம் என்று மூளை படித்துவிடுகிறது. இன்னொரு விந்தை: விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது இந்த உறுப்பு ஒன்றுமே சொல்லாது. வேகம் அதற்குத் தெரியாது, வேகத்தில் வரும் மாற்றம்தான் தெரியும். நடக்கவும் ஓடவும் மரம் ஏறவும் உருவான கருவி அது. அந்த வேலைகளுக்கு அது அற்புதமானது.

பறக்கும்போது இந்த உறுப்பு கைகொடுக்காது என்பதற்கு மும்பையிலேயே ஒரு துயரச் சாட்சி உண்டு. 1978 ஜனவரி 1 இரவு, துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, எழும்பிய இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் ‘செயற்கை அடிவானம்’ என்ற கருவி கேப்டனுக்கு எதிரே தவறாகக் காட்டியது. வெளியே இருட்டு, கடல் எது, வானம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. உடலும் உண்மையைச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இருந்தும் நேரம் இருக்கவில்லை. உடல் சொல்வதை நம்பாமல் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவெடுப்பது விமானிப் பயிற்சியின் அடிப்படைப் பாடம். கருவியும் மாறிவிட்டது. அன்று அதனுள்ளே சுழன்ற சக்கரத்தின் இடத்தில் இன்று ஒளி இருக்கிறது. ஒரு மூடிய பாதையில் இரண்டு லேசர் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. விமானம் துளி திரும்பினாலும் ஒரு கதிருக்குத் தூரம் கூடும், மற்றதற்குக் குறையும். அந்த வித்தியாசத்தை அளந்தே திருப்பத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இப்படி ஒன்றல்ல, தனித்தனியான பல தொகுதிகள் ஒரே விமானத்தில் இருக்கின்றன.

அடுத்த பயம் குலுக்கல். ‘ஏர் பாக்கெட்டில் விழுந்தது’ என்று பேசிக்கொள்கிறோம். அப்படியொரு வெற்றுக் குழி வானத்தில் இல்லை. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. விமானம் பறக்கும் உயரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் பாயும் இறக்கைக்கு அதுவே கெட்டியான பாதை. அந்தக் காற்று ஆறுபோல ஓடுகிறது, சுழிக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, விமானங்களின் வழக்கமான உயரத்தையும் தாண்டி, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுவதை 1958இல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி.கோடேஸ்வரம். ஜூலை மாத மும்பையில் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் அதிகம் குலுங்குவதற்குக் காரணம் மழைமேகங்களுக்குள் ஏறியிறங்கும் காற்று. விமானத்தின் மூக்குக்குள் இருக்கும் ரேடார், மேகத்திலுள்ள மழைத்துளிகளைத் தொலைவிலேயே காட்டிவிடும். விமானிகள் சுற்றிப் போவார்கள். மேகமே இல்லாத இடத்துக் குலுக்கலை ரேடாரால் பார்க்க முடியாது. அதைப் பெரும்பாலும் முன்னால் போன விமானங்கள் ரேடியோவில் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குலுங்கும்போது நூற்றுக்கணக்கான அடி விழுந்ததாகத் தோன்றும். வழக்கமான குலுக்கலில் உயரம் மாறுவது சில பத்து அடிகள்தான். மிக மோசமான ஒரு நிகழ்வைப் பாருங்கள். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். விசாரணையாளர்கள் பதிவுக் கருவியிலிருந்து எடுத்த கணக்குப்படி அது 4.6 விநாடிகளில் இறங்கியது 178 அடி. பறந்த உயரம் 37,000 அடி. விமானம் பத்திரமாக பாங்காக்கில் இறங்கியது. இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் போடாத உடல்கள்தான் கூரையில் மோதின.

இறக்கை உடையுமா என்ற கேள்விக்கு 1995இல் போயிங் நிறுவனம் ஒரு 777ஐக் கூடத்துக்குள் கட்டிவைத்து விடை தேடியது. அதன் இறக்கைகளை இயந்திரங்களால் மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். பயணத்தில் எதிர்பார்க்கக்கூடிய உச்சபட்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது சட்டம். நுனிகள் ஏறத்தாழ 24 அடி, அதாவது இரண்டு மாடி உயரம், வளைந்தபின் 154 சதவீதத்தில்தான் உடைந்தன. ஜன்னல் வழியே இறக்கை ஆடுவதைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வேன். ஆடுவதற்காகவே செய்யப்பட்ட இறக்கை அது.

எல்லா இன்ஜின்களும் நின்றுவிட்டால்? நின்றிருக்கின்றன. 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவை நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, ஜாவா தீவருகே எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. இரவு நேரம். உள்ளே 263 பேர். விமானம் கல்லாக விழவில்லை, சறுக்கியது. 747 ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் முன்னால் போய்விடும். மும்பைக்கு மேலே 37,000 அடியில் இன்ஜின் நின்றால் புனே தாண்டியும் மிதந்து போகலாம் என்று கணக்கு. கேப்டன் எரிக் மூடியும் சகாக்களும் திரும்பத் திரும்ப முயன்றார்கள். சாம்பல் இல்லாத காற்றுக்கு இறங்கியதும் இன்ஜின்கள் உயிர் பெற்றன. ஜகார்த்தாவில் அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

காதின் இன்னொரு வேலையான கேட்பதும் பயத்தை வளர்க்கும். ஏர்பஸ் 320இல் கிளம்புவதற்கு முன் தரைக்கு அடியில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். இறக்கையின் மடல்களையும் சக்கரங்களையும் இயக்குவது அழுத்தப்பட்ட எண்ணெய். அதற்கு மூன்று தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒன்றில் அழுத்தம் குறையும்போது இன்னொன்றிலிருந்து விசையைக் கடன் வாங்கிக் கொடுக்கும் பம்ப்தான் அப்படிக் குரைக்கிறது. ஏறும்போது ‘தடக்’ என்றால் சக்கரக் கதவு மூடியது. நீளமாக ரீங்கரித்தால் மடல்கள் உள்ளே போகின்றன.

நீண்ட பயணத்தில் உடலும் சேர்ந்து குழப்பும். கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்து அழுத்தம் அல்ல. 8,000 அடி மலைமேல் இருப்பது வரை அனுமதி உண்டு. ஊட்டியைவிடச் சற்று உயரம் அது. போயிங் 787, ஏர்பஸ் 350 போன்ற புதியவற்றில் 6,000 அடி, ஏறக்குறைய குன்னூர். அங்கே மூச்சும் இதயத் துடிப்பும் கொஞ்சம் கூடும். உலர்ந்த காற்றில் வாய் வறளும். பயத்தின் அறிகுறிகளும் இவையேதான். பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர், உயரத்தின் வேலையைத் தன் பயம் என்று எண்ணி இன்னும் பயப்படுகிறார். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துத் தலை சுற்றும். மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஏழெட்டு எண்ணும்வரை விடுவது பலன் தருவதற்குக் காரணம் இந்த நரம்புதான்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத் விமான விபத்தில் 260 பேர் இறந்ததைப் பார்த்த நாட்டில், பயப்படாதே என்று வெறுமனே சொல்வது நியாயமில்லை. எண்களையும் பார்க்க வேண்டும். எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட்டின் ஆய்வுப்படி, 2018 முதல் 2022 வரை உலகில் விமானம் ஏறியவர்களில் உயிரிழந்தவர் 1.37 கோடி ஏற்றத்துக்கு ஒருவர். தினம் ஒரு விமானம் ஏறினால் 37,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் கணக்கு. மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2023இல் மட்டும் 2,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செம்பூரில் ஏறும் நமக்கு அந்த ரயில் பயமாகத் தெரிவதில்லை. பழக்கம் பயத்தை அழிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறியேன்.

ஆகவே பயமுள்ளவர்கள் இறக்கைக்கு நேராக இடம் கேளுங்கள்; குலுக்கல் அங்கே குறைவு. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் எனக்குப் பயம் என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஏதுமில்லை. குலுங்கும்போது முன்பலகையில் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை வைத்துக் கவனியுங்கள். நீரின் மேற்பரப்பு நடுங்கும், வழக்கமான குலுக்கலில் பெரிதாகச் சாயாது. காது சொல்லும் கதைக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள தூரம் அப்போது கண்ணுக்குத் தெரியும். பயணத்தையே ரத்து செய்யும் அளவுக்குப் பயம் இருந்தால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைகள் இருக்கின்றன. பெல்ட் அறிவிப்பு விளக்கு அணைந்தாலும், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.