ஏழு தோல்வி, ஆறு வெற்றி, ஒரு காய்ந்த பந்து

ஏப்ரல், மே வந்துவிட்டால் திருக்காட்டுப்பள்ளியில் சாயங்காலம் முழுக்க கிரிக்கெட்தான். அறுவடை முடிந்து கட்டாந்தரையாகக் கிடக்கும் வயலில் ஒரு கூட்டம், தண்ணீர் வற்றிய குடமுருட்டி மணலில் இன்னொரு கூட்டம். இருட்டியதும் எல்லாரும் டி.வி. முன்னால் ஆஜர், ஐ.பி.எல். ஆரம்பித்துவிடும். உங்களில் பாதிப் பேருக்கு மேல் மஞ்சள் சட்டைக் கட்சி என்று தெரியும். அதனால் 2024 மே 18-ம் தேதி ராத்திரியைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ராத்திரிக்குள் கணக்கும் இயற்பியலும் நிறைய இருக்கின்றன.

அந்த வருஷம் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு முதல் 8 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்தது. ஏழு தோல்வி, பட்டியலில் கடைசி இடம். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள், வெற்றிக்கு 2 புள்ளி. மீதி இருந்த ஆறையும் ஜெயித்தாலும் 14 புள்ளிக்கு மேல் போக வழியில்லை. பெங்களூரு அந்த ஆறையும் ஜெயித்தது. கடைசி வெற்றி மே 18 அன்று நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக.

லீக் முடிந்தபோது பெங்களூரு, சென்னை, டெல்லி, லக்னோ என நாலு அணிகள் 14 புள்ளியில் நின்றன. அடுத்த சுற்றுக்கு இருந்ததோ ஒரே ஓர் இடம். இந்த மாதிரி நேரத்தில் பார்ப்பதுதான் நெட் ரன் ரேட். அதன் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். பருவம் முழுக்க நீங்கள் எடுத்த ரன்களை, நீங்கள் ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். எதிரணிகள் உங்களிடம் எடுத்த ரன்களை, அவர்கள் ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நெட் ரன் ரேட். ஆல் அவுட் ஆகிவிட்டால் மட்டும் 20 ஓவரும் ஆடியதாக எடுத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏப்ரல் 28 அன்று அகமதாபாத்தில் குஜராத் டைட்டன்ஸ் 200 ரன் எடுத்தது. பெங்களூரு 14 ஓவரில் 148-ஐத் தொட்டுவிட்டது. இனி 36 பந்தில் 53 ரன் போதும். ஒன்று இரண்டாகத் தட்டியே ஜெயித்துவிடலாம். வில் ஜாக்ஸ் தட்டவில்லை, வெளுத்தார். 15-வது ஓவரில் 29 ரன், 16-வது ஓவரில் இன்னொரு 29. ஆட்டம் 16 ஓவரில் முடிந்தது. முதல் ஐம்பதுக்கு 31 பந்து எடுத்துக்கொண்ட ஜாக்ஸ், அடுத்த ஐம்பதைப் பத்தே பந்தில் அடித்து, 41 பந்தில் சதம் போட்டார்.

இப்போது கணக்கு போடுவோம். பெங்களூரு 16 ஓவரில் 206, அதாவது ஓவருக்கு 12.87. குஜராத் 20 ஓவரில் 200, ஓவருக்கு 10. வித்தியாசம் 2.87. அதே வெற்றியை 19 ஓவர் 5 பந்து வரை இழுத்து 201-ல் முடித்திருந்தால் வித்தியாசம் வெறும் 0.13. இரண்டுக்கும் புள்ளி ஒன்றுதான், ஆனால் ரன் ரேட் மலைக்கும் மடுவுக்கும். லீக் முடிவில் பெங்களூருவின் நெட் ரன் ரேட் 0.459, சென்னையுடையது 0.392. குஜராத் ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை இழுத்திருந்தால், மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தாலும், பெங்களூரு சென்னையைத் தாண்டியிருக்காது. மே 18-ஐப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பெங்களூருவைக் கரையேற்றியது ஏப்ரல் 28-ல் ஜாக்ஸ் அடித்த அந்தப் பத்துப் பந்துதான்.

சரி, மே 18-க்கு வருவோம். பெங்களூரு 218. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம். 201 எடுத்தால் ரன் ரேட்டில் உள்ளே போய்விடலாம். கடைசி ஓவருக்கு 17 ரன் தேவை. பந்து யாஷ் தயாள் கையில், மட்டை தோனி கையில். முதல் பந்து சிக்ஸர்! 110 மீட்டர் பறந்து மைதானத்துக்கு வெளியிலேயே போய்விட்டது. நம் ஊரில் எத்தனை வீட்டில் கத்தியிருப்பார்கள்!

ஆனால் பந்து தொலைந்தால் வேறு பந்து தர வேண்டும். அன்று மழை பெய்திருந்தது. பழைய பந்து ஈரம். மாற்றாக வந்தது காய்ந்த பந்து. பம்புசெட் தொட்டியில் விழுந்த பந்தை எடுத்து உடனே வீசிப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஈரத்தில் பந்து விரலை விட்டு வழுக்கும். தோலுக்கும் விரலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து உராய்வைக் குறைத்துவிடுகிறது. வேகப் பந்து வீச்சாளர் கை வேகத்தைக் குறைக்காமல் மெதுவான பந்து போட ஒரு வழி, கையின் ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சிக்குத் திருப்புவது. அதற்கு விரல் பந்தைப் பிடித்து உருட்டியாக வேண்டும். உராய்வு இல்லாமல் அது நடக்காது. தயாளின் அடுத்த பந்து மெதுவான பந்து. தோனி வேகத்தை எதிர்பார்த்துச் சுழற்றினார். பந்து எல்லைக்கோட்டருகே நின்றவர் கைக்குப் போனது. மிச்சம் நாலு பந்தில் ஒரே ஒரு ரன். சென்னை 191. தோனியின் சிக்ஸரால் நல்ல பந்து கிடைத்ததுதான் தங்களுக்கு வாய்த்த பெரிய நன்மை என்று பெங்களூருவுக்கு ஆடிய நம் தினேஷ் கார்த்திக் பிறகு சொன்னார்.

ஏழு ஆட்டம் தோற்ற அணி திடீரென்று எப்படி ஆறு ஜெயித்தது? ஏதோ மந்திரம் போலத் தோன்றும். முதலில் தோல்விகளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏப்ரல் 21 அன்று கொல்கத்தாவிடம் தோற்றது ஒரே ஒரு ரன்னில்: 222-க்கு 221. அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஐதராபாத் 287 எடுக்க, பெங்களூரு 262 வரை வந்து தோற்றது. பட்டியல் காட்டிய அளவுக்கு அது மட்டமான அணி இல்லை. துரதிர்ஷ்டமும் சேர்ந்துதான் கீழே தள்ளியிருந்தது. அப்படித் தள்ளப்பட்டவர்கள் பிறகு தங்கள் உண்மையான தரத்துக்கு வருவதைப் புள்ளியியலில் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை ஆராய்ந்தபோது இதை விளக்கினார். இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள்: தோற்றதால் அடுத்தது வெற்றி என்று எந்த விதியும் கிடையாது. நாணயத்துக்கு ஞாபகசக்தி இல்லை.

தொடர் வெற்றி எவ்வளவு அபூர்வம் என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு நாணயத்தை 14 முறை சுண்டுங்கள்; தலை விழுந்தால் வெற்றி. 14 முறை சுண்டினால் 16,384 விதமாக விழலாம். அவற்றில் 1,275 விதங்களில், தொடர்ந்து ஆறு தலையாவது வந்துவிடும். நூற்றுக்குக் கிட்டத்தட்ட எட்டு. பத்து அணிகள் பத்து வருஷம் பூவா தலையா போட்டே ஆடினாலும், எட்டு முறை போல ‘ஆறு தொடர் வெற்றி’ என்று பேப்பரில் செய்தி வரும். வகுப்பில் ஆளுக்கு ஒரு நாணயம் எடுத்துச் சுண்டி, ஒவ்வொருவரின் வரிசையையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

இப்படி மீண்டு வந்த அணி பெங்களூரு மட்டும் இல்லை. 2014 ஐ.பி.எல்.-லில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் முதல் ஏழில் ஐந்தைத் தோற்றுவிட்டு, அப்புறம் தொடர்ந்து ஒன்பது ஜெயித்துக் கோப்பையையே தூக்கியது. அமெரிக்கப் பேஸ்பாலில் இந்த மாதிரிக் கதைகள் ஏராளம். 1951 ஆகஸ்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி முதலிடத்துக்கு 13½ ஆட்டம் பின்தங்கியிருந்தது. கடைசி 44-ல் 37-ஐ ஜெயித்து முன்னால் நின்றவர்களை எட்டிப் பிடித்தது. பிறகு நடந்த மூன்று ஆட்டத் தீர்வுச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், அக்டோபர் 3 அன்று, பாபி தாம்சன் அடித்த ஓர் அடியில் முதலிடத்தையே பிடித்தது.

அதே ஜயன்ட்ஸுக்கு 1916-ல் நேர்ந்தது வேறு. அந்த செப்டம்பரில் அவர்கள் தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்தார்கள். நடுவே ஒன்று சமனில் முடிந்ததே தவிர, தோல்வியே இல்லை. மே மாதத்தில் ஏற்கெனவே ஒரு 17 தொடர் வெற்றி வேறு. ஆனாலும் பருவ முடிவில் நாலாவது இடம்தான். மொத்தம் 86 வெற்றி, 66 தோல்வி. இரண்டு தொடர்களிலும் வந்த 43 வெற்றியைக் கழித்துப் பாருங்கள்: மீதி ஆட்டங்களில் 43 வெற்றி, 66 தோல்வி.